சிவப்புக் கயிறு

சாலம்மாள் சிவப்புக் கயிற்றை இழுத்ததும் ஜவ்வரிசி செய்யும் அந்தச் சேகோ ஆலை மொத்தமும் நின்றுபோனது.

மேஸ்திரி பொன்னுரங்கம் ஓடிவந்தார். "இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவலீங்க. சும்மாதான் இழுத்துப் பாத்தேன்."

அவருக்குக் கோபம் தலைக்கேறியது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கிய மரவள்ளிக் கிழங்கு லாரிகள் வாசலில் வரிசையாக நிற்கின்றன. இந்த நேரத்தில் இவளுக்கு விளையாட்டா? எல்லார் முன்னாலும் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தார்.

அந்தக் கயிறு முதலாளி தீனதயாளன் செய்த ஏற்பாடு. சென்னையில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனவர், எங்கோ ஒரு கார் கம்பெனியைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்திருந்தார். அங்கே ஏதாவது தப்பாகப் பட்டால் கடைசித் தொழிலாளிகூடக் கயிற்றை இழுத்து மொத்த வேலையையும் நிறுத்தலாமாம். ஏன் நிறுத்தினாய் என்று யாரும் அதட்ட மாட்டார்களாம்.

காருக்குச் சரி, கிழங்குக்கு எதற்கு இதெல்லாம் என்று பொன்னுரங்கம் அப்போதே முணுமுணுத்தார். கிழங்கை ஏற்றிச் செல்லும் பெல்ட் ஓடும் நீளத்துக்கும் கயிறு கட்டியாயிற்று. ஆனால் ஒருவரும் அதன் பக்கம் கை கொண்டுபோகவில்லை. இழுத்தால் வேலை போய்விடுமோ என்ற பயம்.

சத்தம் கேட்டு வந்த தீனதயாளன், சாலம்மாளை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. கயிறு வேலை செய்கிறது, நல்லது என்று சொல்லிவிட்டு எல்லாருக்கும் டீ வரவழைத்தார். இப்படி இடம் கொடுத்தால் ஆலை உருப்பட்ட மாதிரிதான் என்று பொன்னுரங்கம் வீட்டில் போய்ப் புலம்பினார்.

அடுத்த வாரம், பெல்ட்டுக்கு அடியில் சிக்கிய கிழங்கை எடுக்க அவரே குனிந்தார். கழுத்தைச் சுற்றியிருந்த துண்டின் நுனி உருளையில் மாட்டிக்கொண்டது. ஆளையே சேர்த்து இழுத்தது. கத்தக் குரல் வரவில்லை.

சட்டென்று எல்லாம் நின்றது.

கயிற்றைப் பிடித்தபடி நின்றாள் அம்சவள்ளி, போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தவள். மற்றவர்கள் துண்டை அறுத்து அவரை மீட்டார்கள். நல்லவேளை, கழுத்தில் சிராய்ப்போடு போயிற்று.

தண்ணீர் குடித்து மூச்சு சீரான பிறகு, இழுக்கப் பயமாக இல்லையா என்று அவளிடம் கேட்டார்.

"சாலம்மாக்கா சும்மா இழுத்ததுக்கே மொதலாளி ஒண்ணும் சொல்லலியே. அப்புறம் இன்னா பயம்?"

பொன்னுரங்கம் நேராகச் சாலம்மாளிடம் போனார்.

"நீ வெளையாட்டா இழுத்தது இன்னிக்கு என் உசுரக் காப்பாத்திச்சு. நான் திட்டினத மனசுல வெச்சிக்காத."

"வெளையாட்டு இல்லீங்க. மொதலாளிதான் இழுக்கச் சொன்னாரு. திட்ட மாட்டேன்னு வாயால சொன்னா யாரும் நம்பல, கண்ணால பாக்கட்டும்னாரு."

அவர் திகைத்துப் போனார். "நான் அத்தினி பேச்சு பேசினப்ப ஏன் சொல்லல?"

சாலம்மாள் சிரித்தாள்.

"மேஸ்திரி கண்டிப்பா திட்டுவாரு, அத மட்டும் பொறுத்துக்கம்மான்னும் அவருதாங்க சொன்னாரு."