கண்ணு படாத கிளை

"கையும் களவுமா மாட்டிக்கிட்டீங்களாக்கா?"

மொட்டைமாடிக்கு ஓடி வந்ததில் சின்னவளுக்கு மூச்சு வாங்கியது. அவளுடைய ஆப்பிள் மரத் தொட்டியருகே, கீழ் வீட்டில் இருக்கும் மூத்த ஓரகத்தி நின்றிருந்தாள். கையில் பூ. காலடியில் இதழ்கள்.

"இது உன் பூ இல்ல..."

"பின்னே? வானத்துலேர்ந்து விழுந்துச்சா?"

பெரியவள் விடுவிடுவென்று இறங்கிப் போனாள். தண்ணீர் மோட்டார் சண்டையிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

சின்னவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இடுப்பு உயரக் குட்டை மரம். பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறாள். மூன்று வருஷமாகப் பூக்கிறது, கொட்டுகிறது, காய்த்தபாடில்லை. "அடுத்த தடவையும் காய்க்கலேன்னா தூக்கிடுவேன். துணி காயப்போடவாவது இடம் கிடைக்கும்" என்று புருஷன் போன வருஷமே கறாராகச் சொல்லிவிட்டான்.

அவனிடம் பொரிந்து தள்ளினாள். "நான் வச்சா அவங்களும் வைக்கணும்! போன மாசம் ஒரு ஆப்பிள் மரம் வாங்கி வாசல்ல வச்சாங்களே, அதுவும் வேற ரகமாம், ஒசத்தியாம்! அது போதாதுன்னு என் பூவைக் கிள்ள வந்துட்டாங்க."

அன்றே மாடிக்கதவுக்குப் பூட்டுப் போட்டாள். சாவி அவள் இடுப்பில்.

பூவெல்லாம் கொட்டியது. ஆனால் ஒரே ஒரு கிளையில் மட்டும் பிஞ்சு பிடித்திருந்தது! மற்றக் கிளைகள் மொட்டை.

"பாத்தீங்களா? கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க? அவங்க கண்ணு படாத கிளை இது ஒண்ணுதான்!"

"சரி, அதான் காய்ச்சிடுச்சே. மரம் இருந்துட்டுப் போகட்டும்" என்றான் புருஷன். பழுத்ததும், "அண்ணிக்கு ஒண்ணு குடுத்துட்டு வா" என்றான்.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, இருப்பதிலேயே சின்னப் பழமாகப் பார்த்துப் பறித்துக்கொண்டு போனாள்.

கீழ் வீட்டு வாசலில் பெரியவளின் மரம். மருந்துக்கு ஒரு காய் இல்லை. சின்னவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

"என்னக்கா, உங்க ஒசத்தி ரகம் பூக்கவே இல்லையா?"

பெரியவள் பழத்தை வாங்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள்.

"பூத்துச்சு. எல்லாத்தையும் பறிச்சுட்டேன். ஒத்தை மரம் காய்க்காதாம். வேற ரகத்து மகரந்தம் பட்டாத்தான் பிஞ்சு பிடிக்குமாம். உன் மரத்தைத் தூக்கிடப் போறதா உன் வீட்டுக்காரர் சொன்னாரு. அதுக்காகத்தான் இதையே வாங்கினேன். மாடிக்குத் தேனீ வர்றதில்லையே, நானே என் பூவைக் கொண்டுவந்து உன் பூவுல ஒத்தி ஒத்தி எடுத்தேன்."

பழத்தை முந்தானையில் துடைத்தாள்.

"ஒரு கிளைதான் முடிஞ்சுது. அதுக்குள்ள நீ பூட்டிட்ட."