கேட்காத மன்னிப்பு

“அம்மா, பிசாசோட பியானோக்காரர் இவர்தானா?”

தேவாலயத்தின் கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுமி கேட்டாள். தாய் அவள் வாயைப் பொத்தினாள். வாசலில் தொப்பியைக் கழற்றிப் பிடித்தபடி நின்ற ரூபஸ் பெட்டிவே, “நானேதான் கண்ணு” என்றார்.

உள்ளே சவப்பெட்டியில் சிஸ்டர் வினோலா. ஹெலினா ஊர்ச் சபையில் நாற்பது வருஷம் பியானோ வாசித்தவர். ரூபஸும் ஒரு காலத்தில் அதே சபையில் பாடியவர்தான். பிறகு, சபையார் பிசாசின் இசை என்று ஒதுக்கிய ப்ளூஸைச் சாராயக் கொட்டகைகளில் பியானோவில் வாசிக்கப் போனார். மெம்பிஸில் பதிவான ஒரே ஓர் இசைத்தட்டு அவரைச் சிகாகோவின் பெரிய மேடைகளில் ஏற்றியது. சபையிலிருந்து அவரை நீக்கியதும் அதுதான்.

“சிஸ்டரை வழியனுப்புற பாட்டை நான் வாசிக்கணும் டீக்கன். அதுக்குத்தான் இவ்வளவு தூரம் பஸ்ல வந்தேன்.”

சபை நிர்வாகியான டீக்கன் டார்வர் வழி விடவில்லை. “வாசி பிரதர், யாரு வேணாங்கிறா? வழக்கம் தெரியும்ல? சபை முன்னால நின்னு மன்னிப்புக் கேளு.”

“கேக்குறேன். குடிச்சேன், சூதாடினேன், கொட்டகையில ஆட்டத்துக்கு வாசிச்சேன். எல்லாம் தப்புதான்.”

“அந்த ரெக்கார்டு?”

ரூபஸ் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அதை மட்டும் விட்டுடுங்க.”

“அதுதான்யா பெரும் பாவம்! ஊர்ல பாதிச் சனம் அதைப் போட்டுத்தான் சனிக்கிழமை ஆடுச்சு.”

“நீங்களும் ஆடினீங்க.”

“நான் மன்னிப்புக் கேட்டாச்சு. ‘அந்த ரெக்கார்டை வாசிச்ச கை பாவக் கை’ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு உள்ள வா.”

“முடியாது டீக்கன்.”

“செத்தவங்களுக்காகக்கூட வீம்பை விடமாட்டே?”

ரூபஸ் படியிறங்கி வெயிலில் நின்றுகொண்டார். உள்ளே யாரோ தட்டுத்தடுமாறி வாசித்தார்கள். “கர்த்தருக்கே உழைத்த பரிசுத்தக் கைகள்!” என்று பாஸ்டர் சிஸ்டரைப் புகழ்ந்தார். சபை “ஆமென்” என்றது. வெளியே நின்ற ரூபஸின் ஆமென்தான் உரக்கக் கேட்டது.

அடக்கம் முடிந்து எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, ரூபஸ் கல்லறையருகே மண்டியிட்டு ஒரு பிடி மண் போட்டார்.

“மெம்பிஸ்ல என் விரலெல்லாம் வீங்கிக் கிடந்தப்ப, எனக்குப் பதிலா உக்காந்து அந்த ரெக்கார்டை வாசிச்சுக் குடுத்தீங்களே சிஸ்டர்… அந்தக் கையை நான் எப்படிப் பாவக் கைன்னு சொல்லுவேன்?”