கொழுந்து லொறிப் பத்தி

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை எழுபத்தெட்டில் ஓர் அறிவுக் களஞ்சியம் போட்டது. 'தேயிலை' கட்டுரையில் கொழுந்து பறிக்கும் மலைவேலையை, அதை மேற்பார்க்கும் கண்டாக்கு யேசுரட்ணமும், பெக்டரி வேலையை டீமேக்கர் றோலண்டும் எழுதினார்கள். இரண்டையும் ஒரே கட்டுரையாக்கியவள் ஜோசப்பின் டீச்சர்.

புத்தகம் வந்த அன்றே யேசுரட்ணம் வந்தார்.

"என் பகுதியைப் பாதியா வெட்டிட்டீங்க டீச்சர். சண்டை போடத்தான் வந்தேன். ஆனா கொழுந்து லொறி மலையிறங்குற பத்தியை அப்படியே விட்டிருக்கீங்க. அது போதும்."

"அதுல நான் கை வைப்பேங்களா?"

அவர் போனதும் றோலண்ட் வந்தார்.

"நான் எழுதுனதுல நெறைய காணோம். பரவால்ல, அந்த லொறிப் பத்தி இருக்கே. யோசிச்சு யோசிச்சு எழுதுனது."

"நல்லா வந்திருக்குங்க சேர்."

அவரும் சிரித்துக்கொண்டே போனார். பக்கத்து மேசையிலிருந்த தெரேசா டீச்சருக்குப் பொறுக்கவில்லை.

"ரெண்டு பேர்ல யாரு பொய் சொல்றாங்க?"

"யாரும் இல்ல. மலை ஒரு பக்கம், பெக்டரி ஒரு பக்கம்னு கட்டுரை ஒட்டாமக் கெடந்துச்சு. நடுவுல அந்தப் பத்தியை எழுதி லொறியை ஓட்டுனது நான்."

"அப்போ சொல்ல வேண்டியதுதானே?"

"ஒட்டுப் போட்ட எடம் எழுதுனவங்களுக்கே தெரியல," என்றாள் ஜோசப்பின். "எனக்கும் அது போதும்."