ஒரு பிடி முருங்கைக்கீரை

சுரங்கக் குவார்ட்டர்ஸ் சமையலறையில் காலை வெயில் சன்னல் கம்பிகளோடு தரையில் விழுந்திருக்கிறது. அந்த வெயிலில் உட்கார்ந்து அம்சவல்லி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறாள். மகளின் காலில் ரத்தம் உறைந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, முத்தாண்டிக்குப்பத்திலிருந்து ஒரு கட்டுக் கீரையும் ஒரு டப்பா சூரணமுமாக பஸ் ஏறி வந்திருக்கிறாள். மகள் தமிழ்க்கொடி வீங்கிய காலைத் தலையணைமேல் நீட்டியபடி சுவரில் சாய்ந்திருக்கிறாள். "மூணு வேளையும் கீரை துன்னு, ரத்தம் ஊறட்டும். அந்த மாத்திரைய வுட்டுட்டு இந்தச் சூரணத்தப் போடு," என்கிறாள் அம்சவல்லி. ஷிப்டுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருக்கும் மருமகன் வளவன் வந்து அவள் எதிரே குந்துகிறான். "அத்தை, இவளுக்கு ரத்தம் கொறையலீங்க. இவ உடம்பே இவள எதிரின்னு நெனச்சிக்கினு ரத்தத்த உறைய வைக்குது. மாத்திரைதான் அதத் தடுக்குது. சூரணத்த டாக்டர கேக்காம தரக்கூடாது. கீரை அளவு கூடிப்போனா மாத்திரை வேலை செய்யாதுங்க. தெனம் ஒரே அளவுன்னா தப்பில்ல." அம்சவல்லியின் கை நின்றுவிடுகிறது. விரலில் ஒட்டிய இலையோடு மகளின் காலையே பார்க்கிறாள். பிறகு டப்பாவை மெல்லச் சுவரோரம் நகர்த்துகிறாள். "எவ்ளோ அளவு மாப்ள?" அவன் ஒரு பிடி அள்ளிக் காட்டிவிட்டுத் தட்டில் வைக்கிறான். வெளியே அவன் ஏறவேண்டிய மைன்ஸ் பஸ் ஹாரன் அடிக்கிறது, அவன் எழவில்லை. அம்சவல்லியும் ஒரு பிடி அள்ளி அதன் பக்கத்தில் நீட்டுகிறாள். அவள் பிடியில் கீரை விரலிடுக்கெல்லாம் பிதுங்கி நிற்கிறது. தமிழ்க்கொடிக்குச் சிரிப்பு வருகிறது. அம்சவல்லி விரல்களைத் தளர்த்திக் கொஞ்சம் உதிர்க்கிறாள், அவன் முகத்தைப் பார்க்கிறாள், இன்னும் கொஞ்சம் உதிர்க்கிறாள். "பெத்த கை மாப்ள," என்கிறாள், "கூடத்தான் அள்ளுது."