நான்காவது கோப்பை

பிரான்ஸ், இத்தாலி, சிலி, லோத்குண்டா என்று நான்கு சீட்டுகளைத் தேவாலயத்துப் பக்கத்தறை மேசைமேல் ஒட்டிவிட்டு, கோப்பைகளில் ஊற்றிக் கொண்டுவரும்படி லோயிஸிடமே சொன்னார்கள் சபைக் கமிட்டியார் மூவரும்.

திருவிருந்துக்கு எந்த ஒயின் என்ற போட்டியில் நிற்பவளையே பரிமாறவும் சொல்கிறோமே என்ற கூச்சம் அந்த மூவருக்கும் இல்லை. சபையில் ஊற்றுவது பெண்கள் வேலை, தீர்ப்புச் சொல்வது ஆண்கள் வேலை.

சிக்கந்தராபாத்தின் அந்தத் தமிழ்ச் சபைக்குப் பல வருடங்களாகத் திருவிருந்து ஒயின் போடுவது பக்கத்து லோத்குண்டாவில் இருக்கும் லோயிஸ்தான். யாரும் ஒரு குறை சொன்னதில்லை. போன வருடம் அடிக்கிற புருஷனை விட்டு வெளியே வந்தாள். அதற்குப் பிறகுதான் அவள் ஒயின் கமிட்டியாரின் நாக்குக்குத் திடீரென்று புளிக்க ஆரம்பித்தது.

நாளை பெரிய வியாழன், திருவிருந்து நாள். இன்று தோற்றால் இனி திருவிருந்து மேசைப் பக்கம் அவள் கை போகாது.

உள்ளறையில் ஊற்றிக் கொண்டுவந்து, கோப்பைகளைச் சீட்டுக்கு நேராக வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

வெளிநாட்டு பாட்டில்களை வாங்கிவந்தவர் மாதாப்பூரில் பெரிய வேலையில் இருக்கும் பொருளாளர் பிளஸ்ஸன். ஆகவே அவரே ஆரம்பித்தார். பிரான்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சி, ஆழம் என்றார். இத்தாலி கொஞ்சம் கரடுமுரடாம். சிலியில் வெயிலே தெரிகிறதாம், கொடுக்கிற காசுக்கு அதுதான் லாபமாம்.

செயலாளர் சிலாஸ் எல்லாவற்றுக்கும் ‘ஹவ், ஹவ்’ என்று ஹைதராபாத் உருதுவில் ஆமாம் போட்டுத் தலையாட்டினார்.

ஆயர் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை குடித்துப் பார்த்தார்.

நான்காவது கோப்பையில் பிளஸ்ஸன் உதட்டை மட்டும் நனைத்தார். முகம் கோணிப்போயிற்று. சிலாஸ் ஒரு வாய் குடித்துவிட்டுக் கைக்குட்டையைத் தேடினார்.

“கைக்கும்மா, எதுக்கும்மா இந்தப் பிடிவாதம்? புளிச்ச வாடை குடலைப் புரட்டுது. இதைப் போய் எப்படிம்மா கர்த்தரோட மேசையில வைக்கிறது?” என்றார் சிலாஸ்.

அழுவாள் என்று எதிர்பார்த்திருப்பார்கள். லோயிஸுக்கு வந்தது கோபம், நன்றாக வடிகட்டித் தெளிந்த கோபம்.

உள்ளே போனாள். ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அவர்கள் முன்னால் வைத்தாள்.

பிரான்ஸ் பாட்டிலின் தக்கை பிடுங்கப்படவே இல்லை.

சிலி பாட்டிலின் மூடிமேல் சுற்றிய தாள்கூடக் கிழியவில்லை.

அவளுடைய பீங்கான் ஜாடியின் மூடியைச் சுற்றி, லெந்து என்னும் நோன்புக் காலம் தொடங்கியபோது அவள் பூசிய மைதாப் பசை, ஒரு கீறல் விழாமல் காய்ந்து இறுகியிருந்தது.

இத்தாலி பாட்டில் மட்டும் காலி.

“நாலுலயும் இதைத்தான் ஊத்தினேன்” என்றாள்.

பிளஸ்ஸன் சீட்டுகளைப் பார்த்தார். சிலாஸ் கைக்குட்டையை மடித்தார். ஆயர், நான்காவது கோப்பையை எடுத்து, மிச்சத்தையும் குடித்து முடித்தார்.

லோயிஸ் ஜாடியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். தெருவுக்குப் போகும் கதவு திறந்துதான் இருந்தது. அவள் பீடத்துக்குப் போகும் கதவைத் தள்ளித் திறந்தாள்.