பறந்தவன் இறங்கவில்லை

குளிர்பதனக் கிடங்கின் ஓய்வறையில் ஐந்து பேர் தடித்த கோட்டைக்கூடக் கழற்றாமல் தொலைக்காட்சியைப் பார்த்து நிற்கிறார்கள். கழற்றி மாட்டவே நாலு நிமிடம் போய்விடும். இடைவேளையே பத்து நிமிடம்தான். நாலு வருடத்துக்கு ஒருமுறை வரும் இந்தப் பனிச்சறுக்குப் போட்டிக்காகவே லேபிள் ஒட்டும் அக்கா கெஞ்சிக் கூத்தாடி ஷிப்ட் மாற்றி வாங்கியிருக்கிறாள். அவள் தோளில் படிந்த உறைபனி உருகித் தரையில் சொட்டுகிறது. திரையில் வீரன் சரிவில் சீறி வந்து எம்புகிறான், கைகளை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு பறக்கிறான். ஐந்து பேரின் குதிகாலும் தானாக உயர்கிறது. சட்டென்று சோப்பு விளம்பரம்.

“அட பாவிங்களா, அவன் இன்னும் கீழ வரவேயில்லையே!” என்று அக்கா கத்துகிறாள்.

சோப்புக்குப் பின் பெயிண்ட், பெயிண்டுக்குப் பின் மெத்தை. மறுபடி பனி தெரியும்போது வீரன் நின்று கையசைத்துக்கொண்டிருக்கிறான்.

“என் வாழ்க்கையில் இப்படியொரு தரையிறக்கத்தைப் பார்த்ததில்லை” என்று வர்ணனையாளர் உருகுகிறார்.

“நாங்க மட்டும் பார்த்தோமாக்கும்!” அக்கா கையுறையைக் கழற்றித் திரைமேல் வீசுகிறாள்.

மணி அடிக்கிறது. கையுறை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அதே திரைக்கு முன்னால் அவள் குனிய வேண்டியிருக்கிறது.