முனகும் பானை

இருட்டிய பிறகு அடுக்களையில் யாரோ முனகுவதுபோல் சத்தம் கேட்டது. பிலோமி மறுபடியும் பதறி ஓடிவந்து, இரவெல்லாம் மெல்ல வேகவைக்கவென்று புதிதாக வாங்கிய மின்பானையான ஸ்லோ குக்கரின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். சேர்த்துவைத்த சூடெல்லாம் ஆவியாகப் பறந்தது. முனகல் நின்றதும் நிம்மதியாகப் போனாள்.

ஸ்லோ குக்கர் சோர்ந்துபோனது. காய்ச்சலில் கிடக்கும் அவள் மகனுக்கு விடிவதற்குள் எலும்பு சூப் ஆக வேண்டும். எலும்போ இன்னும் பச்சையாகவே கிடந்தது.

"நான் வீடு அதிர விசில் அடிச்சாலும் அவ திரும்பிப் பார்க்கமாட்டா," என்று அலமாரியிலிருந்து பிரஷர் குக்கர் சிரித்தது. "நீ முனகுறியே தம்பி, அதான் பயப்படுறா."

"சூடேறினா முனகத்தானேக்கா செய்வேன்? அவ திறக்காம விட்டாப் போதும். ஒவ்வொரு தடவையும் முதல்லேருந்து சூடேறித் தொலைக்கிறேன்."

மூடி மெல்ல அதிர்ந்தது. மறுபடி முனகல் எழுந்ததும் கூடத்தில் அவள் காலடி கேட்டது.

"கதவண்ணே, அவளை உள்ளே விடாதீங்க!"

"பாவம்டா, வெளியே நின்னு அழுவா," என்றது அடுக்களைக் கதவு.

"அழட்டும்ணே. இல்லேன்னா காலையில பிள்ளைக்கு வெறும் வெந்நீர்தான்."

காலடி நெருங்கியது. கதவு மனதைக் கல்லாக்கிக்கொண்டு சாத்திக்கொண்டது. பிலோமி தட்டத் தட்ட, உள்பக்கத் தாழ்ப்பாளைத் தானே போட்டுக்கொண்டது.